காதில் ஓதும் நந்தினிகள்

நெய்வேலிக்காரர்களுக்கு வீராணம் ஏரி பக்கத்து ஊர். கல்கி 1950-ல் ஆரம்பித்த 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை துவங்குவதே அந்த ஏரிக்கரையில்தான். ஷிப்ட் பஸ்ஸில் அந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் வந்தியத்தேவன் கட்சி. நான் மட்டும் நந்தினியைக் கவனிக்கிற கட்சி.

அந்த அம்மாள் யாரையும் மிரட்ட மாட்டாள். அவரவர் மனசில் ஏற்கெனவே இருக்கிற புண்ணைத் தொடுவாள், அவ்வளவுதான். பெரிய பழுவேட்டரையருக்கு இளம் மனைவி மேல் மயக்கம். ஆதித்த கரிகாலனுக்குக் குற்ற உணர்ச்சி.

பாவம் கந்தமாறன்! சுரங்கப் பாதையில் அவனைக் குத்தியது காவல்காரன். தூக்கிப் போய்க் காப்பாற்றியது நண்பன் வந்தியத்தேவன். ஆனால் நண்பன்தான் குத்தினான் என்று கந்தமாறன் நம்புகிறான். பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தது யார்? நந்தினி!

ஏரிக்குப் பக்கத்தில் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடிக் கல்வெட்டில் கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயரெல்லாம் இருக்கிறது. நந்தினி இல்லை. அவள் கல்கியின் கற்பனை. பொருத்தம்தான் சார்! மூட்டிவிடுகிறவர் பெயர் எந்த ரெக்கார்டில் ஏறியிருக்கிறது? மெமோவில் மேனேஜர் கையெழுத்து இருக்கும். காதில் ஓதியவர் கான்டீனில் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆபீஸ் நந்தினிகளுக்குப் பெரும்பாலும் மீசை உண்டு.

"உன்னைப் பத்தி அவன் என்ன சொன்னான் தெரியுமா?" என்று யாராவது ஆரம்பித்தால், "வாங்க, அவன் எதிர்லயே சொல்லுங்க" என்று எழுந்துவிடுங்கள். டீ ஆறிப்போனால் இன்னொன்று வாங்கலாம். சிநேகிதன் போனால்?