ஒரு மார்க்கு நாவலாசிரியர்

எங்கள் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைத் தரம் பிரிக்கும் சர்க்கார் ஆலை ஒன்று இருக்கிறது. கருமணலை அள்ளிக்கொண்டு வந்து, காந்தத்தையும் மின்சாரத்தையும் காட்டி, இல்மனைட்டை ஒரு குவியலாகவும், ஸிர்க்கானை ஒரு குவியலாகவும், மோனஸைட்டை ஒரு குவியலாகவும் ஒதுக்கிவிடுவார்கள். வெள்ளைச் சாயத்துக்கு ஒன்று, பீங்கானுக்கு ஒன்று, அணுசக்திக் காரியங்களுக்கு ஒன்று. பிரித்தால்தான் மணலுக்கு விலை. நம்முடைய இலக்கிய சரித்திரக்காரர்களும் இப்படி ஓர் ஆலை நடத்தி வருகிறார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் பிரித்துக் குவித்த பிறகு எந்தக் குவியலையும் யாரும் வாங்குவதில்லை.

அந்த ஆலையில் அகப்பட்டவர்களில் மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை அளவுக்கு அவதிப்பட்டவர் வேறு யாரும் இல்லை. தமிழின் முதல் நாவல் எது? பிரதாப முதலியார் சரித்திரம். ஆண்டு? 1879. ஆசிரியர்? எழுதியாயிற்று, ஒரு மார்க்கு கிடைத்தாயிற்று. அதோடு மனிதரைக் கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. சங்கீதக்காரர்களைக் கேட்டால், "கீர்த்தனம் செய்திருக்கிறார்" என்பார்கள். நாவலைப் பற்றிக் கேட்டால் தம்பூராவைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் மோசம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரையும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் ஒருவராக்கிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சாஸ்திரியார் 1774-ல் பிறந்தவர், புராட்டஸ்டண்ட், சரபோஜி காலத்துக் கவிராயர், 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தவர். பிள்ளை 1826-ல் திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். இருவருக்கும் நடுவே அரை நூற்றாண்டு இருக்கிறது. பெயர் ஒன்றாயிருந்தால் ஆளும் ஒன்றுதான் போலிருக்கிறது நமக்கு!

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதநாயகம் பிள்ளையின் நாவலையும் பாட்டையும் இரண்டு தொழிலாகப் பார்க்கிறவர் இரண்டையும் படிக்காதவர்.

வருஷங்களைப் பாருங்கள். கோர்ட்டில் சில்லறை உத்தியோகம் பார்த்து, பிறகு முனிசீப்பாகித் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று இருந்தவர், 1872-ல் உத்தியோகத்தை விட்டுவிட்டார். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வெளிவந்தது 1878-ல். பிரதாப முதலியார் வெளிவந்தது அதற்கு அடுத்த வருஷம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மைக்கூட்டிலிருந்து வந்தவை. அந்தச் சமயத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தது. பிள்ளை தம் கைப்பொருளைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு அவர்மேல் ஒரு கீர்த்தனையே பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ இந்தக் கிறிஸ்தவ நண்பர்மேல் 'குளத்துக் கோவை' செய்தார். இவர் பதிலுக்குத் திருவாவடுதுறை சுப்பிரமணிய தேசிகர்மேல் செய்யுள் பாடினார். இந்தக் காலத்தில் இப்படி ஒன்று நடந்தால் இரண்டு தரப்பிலும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். 1862-ல் அவர் 'சித்தாந்த சங்கிரகம்' என்று ஒரு புத்தகம் போட்டார். சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் எடுத்துச் சொல்லும் புத்தகம். தன் வயலைப் பற்றிய தீர்ப்பு தன் வயலுக்குரியவனுக்குப் புரியவில்லையே என்ற எரிச்சல் அந்த முனிசீப்புக்கு. அதே எரிச்சல் நாவலிலும் வருகிறது. ஆண் வேஷத்தில் அரசாளுகிற ஞானாம்பாளின் கதையோடு சேர்த்து, வக்கீலும் தமிழன், நீதிபதியும் தமிழன், வழக்காடுகிறவனும் தமிழன் என்றிருக்க, வாதம் மட்டும் இங்கிலீஷில் நடக்கிற கூத்தைப் போட்டு வாங்குகிறார் பாருங்கள், அந்த இடத்தை மேஜைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தவன்தான் எழுத முடியும். நாவல் படித்தறிந்தவர்களுக்கு. படித்தறியாதவர்களுக்கு? அந்தக் காலத்தில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. மற்றத் தொண்ணூறு பேருக்கும் காது இருந்தது. ஆகவே கீர்த்தனை. தியாகராஜரின் தெலுங்கு காவிரிக் கரையெல்லாம் நிறைந்திருந்த நாளில், எல்லாருக்கும் விளங்குகிற தமிழில் செய்தார். சட்டம், கதை, பாட்டு மூன்றும் ஒரே வேலைதான். சங்கதி போய்ச் சேரவேண்டிய ஆளுக்குப் போய்ச் சேரட்டும் என்கிற வேலை.

இங்கே விமர்சகர் ஒருவர் கையைத் தூக்குவார். "அந்த நாவலிலேயே, ஜனங்கள் திருந்த வசன நூல்கள்தான் வேண்டும், செய்யுள் உதவாது என்று வாதாடுகிறாரே, அப்புறம் இவரே பாட்டெழுதுவானேன்?" நல்ல கேள்வி. அவர் குறை சொன்னது, உரையாசிரியர் துணையில்லாமல் வாசல் திறக்காத பழைய செய்யுளை. அவர் கீர்த்தனைக்கு உரை வேண்டியதில்லை. அவற்றில் கடவுள் மட்டுமா இருக்கிறார்? உத்தியோகஸ்தன் இருக்கிறான், புருஷன் பெண்சாதி சண்டை இருக்கிறது, பஞ்சம் இருக்கிறது. 1859-ல் வெளியிட்ட 'நீதிநூ'லில் கைக்கூலிக்கென்று தனி அதிகாரமே வைத்தவர் அவர். லஞ்சத்தைக் கண்டு அவருக்குத் தூக்கம் வராது.

இன்னொரு விமர்சகர், "பிரதாப முதலியார் நாவலே அல்ல, கதைக்குள் கதை, நடுவில் பிரசங்கம்" என்பார். இதைச் சொல்லிச் சொல்லி நமக்கும் வாய் பழகிவிட்டது. கீர்த்தனையின் அமைப்பை அறிந்தவருக்கு இந்தக் குழப்பம் வராது. பல்லவியில் ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு, சரணத்துக்குச் சரணம் புதிய உதாரணம் கொண்டுவந்து, மறுபடி பல்லவியில் வந்து நிற்பது கீர்த்தனை. பிரதாப முதலியாரும் அப்படித்தான் நடக்கிறார். ஒரு குணத்தை எடுத்துக்கொள்வார், நாலு கதை சொல்வார், சிரிக்க வைப்பார், தொடங்கிய இடத்துக்குத் திரும்புவார். சில இடங்களில் சரணம் நீண்டுபோய்த் தாளம் தள்ளாடுகிறது என்பது உண்மை. 1887-ல் வந்த 'சுகுண சுந்தரி' அவ்வளவு சுகமாக இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஆங்கில நாவலை அளவுகோலாக வைத்து இவரை அளப்பது, வில்லுப்பாட்டுக்காரரைப் பார்த்து, "நீர் பாடுகிறீரா, பேசுகிறீரா, ஒன்றைச் சொல்லும்" என்று கேட்பதுபோல. எங்கள் நாஞ்சில் நாட்டில் அப்படிக் கேட்டால் குடத்தை அடிக்கிறவர் எழுந்து வந்துவிடுவார். எங்கள் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள்வழிக் குடும்பத்தின் கண்ணீரை ஒரு பெண்ணின் வாயில் வைத்துக் கதையாகவே பாடினார். அதைப் பாட்டா கதையா என்று யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை.

வங்காளிகளைப் பாருங்கள். பங்கிம் சந்திரர் நாவலாசிரியர், டெபுடி மாஜிஸ்டிரேட்; 'ஆனந்த மட'த்துக்குள்ளேயே வந்தே மாதரத்தை வைத்தார். தாகூரின் நாவலைப் படிக்கிற வீட்டில்தான் அவர் பாட்டும் கேட்கிறது. ஜப்பானில் நொசாகா அகியுகி என்று ஒருவர், 2015-ல் காலமானார். யுத்தகாலப் பட்டினியில் தங்கையைப் பறிகொடுக்கும் பையனின் கதையை 1967-ல் எழுதி உலகத்தை அழவைத்தவர். குழந்தைகள் பாடும் பொம்மைப் பாட்டையும் எழுதினவர் அவரே. அங்கே அதை யாரும் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. இங்கே நாவலாசிரியன் பாட்டெழுதினால் உடனே, "ஆள் கெட்டுப் போனான்" என்று துஷ்டி கேட்க வந்துவிடுகிறார்கள். கல்கி 'மீரா'வுக்குப் பாட்டெழுதினார். கொத்தமங்கலம் சுப்பு 'தில்லானா மோகனாம்பாள்' எழுதிய கையால் காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். கெட்டா போனார்கள்?

நான் இவ்வளவு வரிந்துகட்டிக்கொண்டு பேசுவதற்கு இலக்கியம் மட்டும் காரணமல்ல. எங்கள் அடுத்த ஊர் மண்டைக்காடு. பகவதி கோயில் மாசிக்கொடை நடக்கும் ஊர். 1982 மார்ச்சில் அந்தக் கொடையின்போதுதான் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்கள் போய், நெருப்பு கடற்கரையோரமாகப் பல ஊர்களுக்குப் பரவியது. பிறகு விசாரணைக் கமிஷன், சமாதானக் கமிட்டி, சமாதானக் கூட்டம். கூட்டத்தில் என்ன நடக்கும்? ஒரு தரப்பார் தங்கள் கடவுள் வாழ்த்தைப் பாடினால் மறு தரப்பார் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து, பாட்டே இல்லாமல் பேச்சில் ஆரம்பித்துப் பேச்சில் முடிப்பார்கள். எந்தச் சமயத்தானும் தன் தெய்வத்தை நினைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவனோடு சேர்ந்து பாடலாம் என்பதற்காகவே ஒரு கத்தோலிக்க முனிசீப் 1878-லேயே, புத்தகத்தின் பெயரிலேயே அதை எழுதிவைத்து, கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பாட்டு கலவரத்தை நிறுத்தும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு அப்பாவி அல்ல நான். சேர்ந்து பாட ஒன்றுமே இல்லை என்று கமிட்டிக்காரர்கள் சொல்வது பொய் என்கிறேன்.

கோயில் ஒலிபெருக்கிக்காரர் அது கிறிஸ்தவர் பாட்டு என்று ஒதுக்குகிறார். மாதா கோயில் பாடகர் குழு, அதில் கர்த்தர் பெயர் இல்லையே என்று ஒதுக்குகிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர் நாவலாசிரியர் ஆயிற்றே என்கிறார். அடுத்த மாசிக்கொடைக்கும் அடுத்த மாதா திருநாளுக்கும் நடுவில் எங்கள் ஊரில் சமாதானக் கூட்டம் என்று ஒன்று கூட்டினால், எனக்கு மேடை வேண்டாம், மாலை வேண்டாம். ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும், அந்தக் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒரு பிரதியும் போதும்.