5002-ஆ, 5004-ஆ? ஆரணிப் பட்டுப் புடவை விலைக்குப் பின்னால் இருக்கும் சுங்க எண்கள்

ஆரணியில் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போறீங்க. விலை ஏன் கூடிடுச்சுன்னு கேட்டா, ‘நூல் விலை ஏறிடுச்சு’ என்பதுதான் பெரும்பாலும் முதல் பதிலாக இருக்கும். அந்த நூல் விலையில் தருமபுரி அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயி, சீன ஏற்றுமதியாளர், டெல்லி நிதி அமைச்சகம் என மூன்று தரப்புக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு வரி என்பதை முடிவு செய்வது ஒரு நான்கு இலக்க எண். எப்படி என்று பார்ப்போம்.

அது என்ன எண்?

நாடு விட்டு நாடு போகும் எல்லாப் பொருளுக்கும் ஒரு எண் உண்டு. பிரஸ்ஸல்ஸில் தலைமையகம் உள்ள உலக சுங்க அமைப்பின் இந்த வகைப்பாடு 1988 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. முதல் 6 இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியா மேலும் 2 இலக்கம் சேர்த்து 8 இலக்கமாகப் பயன்படுத்துகிறது.

பட்டுக்கு 50-வது அத்தியாயம். அதில் முக்கியமானவை:

- 5001: நூல் எடுக்கத் தகுந்த பட்டுக்கூடு
- 5002: முறுக்கேற்றாத கச்சா பட்டு
- 5004: பட்டு நூல். முறுக்கேற்றியது இங்கே வரும்
- 5007: பட்டுத் துணி

நம்ம புடவைக்கும் இதில் இடம் உண்டு. உலகத்துக்குப் பொதுவான 6 இலக்கத்தில் ‘புடவை’ என்ற பெயரே கிடையாது. இந்தியா சேர்த்த கடைசி இரண்டு இலக்கத்தில்தான் 5007 20 10 என்று புடவைக்குத் தனி எண் கிடைத்தது.

முறுக்கு ஏறினால் என்ன ஆகும்?

கூட்டிலிருந்து எடுத்த கச்சா பட்டை அப்படியே தறியில் பூட்ட முடியாது. முறுக்கேற்றி, பசை நீக்கி, சாயம் போட்டால்தான் பாவுக்கும் ஊடைக்கும் ஆகும். ஆனால் முறுக்கேறியதும் 5002, 5004 ஆகிவிடுகிறது. கச்சா பட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பட்டு நூலுக்கு 5%. பதிவு செய்த வியாபாரி இந்த வரியைப் புடவை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் சொந்தமாக நூல் வாங்கி நெய்பவருக்கு அந்த வழி இல்லை.

சீனப் பட்டுக்குத் தனி வரி ஏன்?

பட்டு உற்பத்தியில் சீனா முதலிடம், இந்தியா இரண்டாமிடம். 2023-24ல் இந்தியாவின் கச்சா பட்டு உற்பத்தி 38,913 டன். பாவுக்கு இழை சீராக, வலுவாக இருக்கணும். அதனால்தான் உள்ளூர் வெண்பட்டு போதாதபோது சீனப் பட்டைத் தேடுகிறார்கள்.

அது மலிவாக வந்து குவிந்தால் உள்ளூர்க் கூட்டின் விலை சரியும். அதைத் தடுக்க 2003-ல் சீனக் கச்சா பட்டின் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி வந்தது. ஆனால் அது 2A மற்றும் அதற்குக் கீழான தரத்துக்கு மட்டும்தான். 2016-ல் வந்த வரி 3A மற்றும் அதற்கு மேலான தரத்துக்கு: கிலோவுக்கு 1.85 டாலர், ஐந்து ஆண்டுகளுக்கு. இரண்டுமே 5002-தான். ஆக, எண் மட்டும் போதாது; தரச் சான்றில் என்ன எழுதியிருக்கு என்பதும் வரியை மாற்றும்.

வரி ஏறி இறங்கிய கதை

2011 பட்ஜெட்டில் கச்சா பட்டின் சுங்க வரி 30%-லிருந்து 5% ஆனது. நெசவுத் தரப்புக்கு நிம்மதி, கூடு வளர்ப்பவர்களுக்கு அடி. 2013-ல் 15%. பிறகு 10% ஆகக் குறைந்து, 2021-ல் மறுபடி 15%. அப்போது பட்டு நூலுக்கும் சேர்த்தே உயர்த்தினார்கள். காரணம் எளிது: 5002-க்கு மட்டும் ஏற்றினால், முறுக்கேற்றி 5004 ஆகக் கொண்டுவரலாம் இல்லையா?

ஜரிகையிலும் இதே பெயர்ச் சிக்கல் வந்தது. 2023 ஜூலையில் போலி ஜரிகைக்கு ஜி.எஸ்.டி. 12%-லிருந்து 5% ஆனது. பாலியஸ்டர் படலத்தில் செய்த ஜரிகையும் இதில் சேருமா என்ற கேள்வி எழ, சேரும் என்று அதே ஆண்டு அக்டோபரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் விளக்கம் தர வேண்டியதாயிற்று.

நெசவாளருக்கு என்ன?

ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கம் பலரும் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடையும் முதலாளி அல்லது கூட்டுறவுச் சங்கம் தரும். நூல் விலை இறங்கினால் அந்த லாபம் நேராக இவர்கள் கைக்கு வராது. ஏறினால் மட்டும் ஆர்டர் குறையும், கூலி உயர்வுப் பேச்சு தள்ளிப்போகும்.

வரி கூடினால் விவசாயிக்குப் பாதுகாப்பு. குறைந்தால் நூல் வாங்குபவருக்கு லாபம். கூலி நெசவாளருக்கு எந்த எண்ணிலும் இடம் இல்லை. அவருக்கான பாதுகாப்பு கூலி ஒப்பந்தத்திலும் சங்கத்தின் நூல் விநியோகத்திலும்தான் இருக்கணும். அடுத்த பட்ஜெட்டில் ‘கச்சா பட்டு’ என்று காதில் விழுந்தால் மூன்று விஷயம் கவனிங்க: எந்த எண், எந்தத் தரம், அதோடு கூலிக்கு ஏதாவது அறிவிப்பு இருக்கா?