கணக்கு வராத பிள்ளையா?

"அவளுக்குக் கணக்கு வராது சார். எங்க குடும்பத்துலயே யாருக்கும் வராது." பெற்றோர் கூட்டத்தில் இந்த வசனத்தைக் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எனப் பல மொழி புழங்கும் கொச்சி மட்டாஞ்சேரியிலும் நம்பிக்கை ஒன்றுதான். கணக்கு சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது, வாய்க்காத பிள்ளையைப் போட்டு வதைக்காமல் காலாகாலத்தில் எளிய பாடத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது என்கிறார்கள். கேட்கக் கருணையாக இருக்கிறது. உண்மையில் இது கைகழுவல்.

அதிலும் இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது வேடிக்கை. இங்கே யூதத் தெருவில்தான் மிளகு வணிகர்களின் சங்கம் பல பத்தாண்டுகள் முன்பேர வணிகம் நடத்தியது. வரப்போகும் மாதத்து விலையைத் தரகர்கள் கூவிப் பேசுவார்கள். லாப நஷ்டத்தை மனக்கணக்காகவே போட்டுப் பழகிய கூட்டம் அது. அவர்களை யாரும் பன்னிரண்டு வயதில் உட்காரவைத்து உனக்குக் கணக்கு வருமா வராதா என்று சோதித்துப் பார்க்கவில்லை.

இன்று சோதிக்கிறோம். கேரளத்தில் ஏழாம் வகுப்பில் யு.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வு நடக்கிறது. தேறுவார்கள் என்று தோன்றுகிற சில பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி. மற்றவர்கள் வழக்கமான வகுப்பில். வெளியே தனியார் பயிற்சி மையங்கள் நடுநிலை வகுப்பிலேயே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று பலகை வைக்கின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் பத்தாம் வகுப்பில் இன்னொரு சல்லடை காத்திருக்கிறது. 2020 பொதுத்தேர்விலிருந்து அங்கே கணிதத்துக்கு ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு தாள்கள். பாடத்திட்டம் ஒன்று, புத்தகம் ஒன்று, வகுப்பறையும் ஒன்று. வினாத்தாளின் கடினம் மட்டும் வேறு. ஆனால் பேசிக் எழுதியவர் பிளஸ் ஒன்னில் கணிதம் எடுக்கக் கூடாது, வேண்டுமென்றால் மறுபடி ஸ்டாண்டர்ட் எழுதித் தேற வேண்டும் என்பதே முதலில் விதி. கொரோனா காலத்தில்தான் அதைத் தளர்த்தினார்கள். கணிதத்தில் தொடங்கி எல்லாப் பாடங்களுக்கும் இரண்டு நிலை கொண்டுவரலாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது.

சரி, 'வராது' என்று முத்திரை விழுந்த பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கும். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அத்தோடு சரி. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "அரை ரொட்டி கையில இருக்கு, மேல இன்னும் கொஞ்சம் தர்றேன். இப்போ அரையை விடக் குறைஞ்சா போகும்?" என்று கேட்டால் பெரும்பாலும் தானே சிரித்துவிடும். ஐந்தில் இரண்டு அரையை விடச் சிறியது என்பது அப்போது புரிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை மூளை இல்லாமல் தவறு செய்யவில்லை. முழு எண்ணில் கற்ற விதியைப் பின்னத்துக்கும் நீட்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் விட்டுப்போன ஒரு படி, ஏழாம் வகுப்பில் பிறவிக் குறையாகப் பெயர் வாங்குகிறது. வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் படி அன்று மாலையே சரியாகிவிடும். நாம் தரம் பிரிப்பது பெரும்பாலும் வீட்டைத்தான், பிள்ளையை அல்ல.

கணக்கோடு இது நிற்பதும் இல்லை. கேரளப் பாடத்திட்டத்தில் கீழ் வகுப்புகளில் ஒரே புத்தகமாக இருக்கும் அறிவியல், மேல் வகுப்புகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரிகிறது. பின்னமும் விகிதமும் பிடிபடாத பிள்ளை அடர்த்தி, வேகம் என்று வந்ததும் இயற்பியலிலும் பின்தங்கும். பிறகு சயின்ஸும் வராது என்பார்கள்.

கேரள மண்ணிலேயே இதற்கு எதிர்சாட்சி இருக்கிறது. கணிதம் சமஸ்கிருதச் செய்யுளில் எழுதப்பட்ட காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், கேரளக் கணித அறிஞர் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா'வை மலையாள உரைநடையில் எழுதினார். கூட்டல் கழித்தலில் தொடங்கும் அந்த நூல் காரணங்களை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போய், வட்டத்தின் சுற்றளவுக்கு அவருக்கு முந்தைய கேரளக் கணித அறிஞர் மாதவர் கண்ட முடிவிலித் தொடர் வரை ஏறுகிறது. அதன் கணிதப் பகுதியை விளக்கக் குறிப்புகளோடு 1948-இல் திருச்சூரில் பதிப்பித்தவர்கள் இருவர்: கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த ராமவர்ம மரு தம்புரான், ஏ. ஆர். அகிலேஸ்வர ஐயர். கூட்டலுக்கு ஒரு புத்தகம், தொடருக்கு வேறு புத்தகம் என்று ஜ்யேஷ்டதேவர் பிரிக்கவில்லை.

பிரித்துப் பார்த்தவர்களின் அனுபவம் என்ன? 1978-இல் பிளஸ் டூ வருவதற்கு முன் தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளியிலேயே ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ் என்று இரண்டு உண்டு. ஜெனரல் எடுத்தவர்களுக்குப் பொறியியல் பக்கம் வழி அடைபட்டது. சிங்கப்பூர் 1980-களிலிருந்து பன்னிரண்டு வயதுத் தேர்வை வைத்துப் பிள்ளைகளை எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரித்தது. 'நார்மல்' என்ற பெயரே பிள்ளைகளின் தன்னம்பிக்கையைக் குலைத்ததை அரசே ஒப்புக்கொண்டது. 2024-இல் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. பாடவாரியாக நிலைகள் இப்போதும் இருக்கின்றன. ஆனால் ஒரே பிள்ளை தமிழில் ஒரு நிலை, கணக்கில் ஒரு நிலை எடுக்கலாம், நடுவில் மாறவும் செய்யலாம்.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்று நியாயம். வேகமாகப் போகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தினால் யாருக்கும் லாபமில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே எல்லோருக்கும் இல்லாமல் செய்தது. வசதியுள்ளவர்கள் வெளியே பணம் கட்டிப் படிக்கவைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 2024-இல், அதைத் திரும்பக் கொண்டுவர அங்கே வாக்களித்தார்கள். ஆகவே விரும்புகிற பிள்ளைக்குக் கூடுதல் பாடம் தாராளமாக இருக்கட்டும். ஆனால் கதவைத் திறப்பதற்கான ஏற்பாட்டை, மற்றவர்கள் முகத்தில் கதவை அடைக்கப் பயன்படுத்தக் கூடாது.

கேரளம் 2024–25 முதல் எட்டாம் வகுப்பில் பாடத்துக்கு 30 சதவீத எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கி, எட்டாதவர்களுக்குக் கூடுதல் வகுப்பும் மறுதேர்வும் வைக்கிறது. மதிப்பெண் விதியில் குறை சொல்ல இடமுண்டு; விட்டுப்போனதைத் திரும்பச் சொல்லித்தருகிற வேலை சரியான திசை. அந்தக் கூடுதல் வகுப்புக்குப் பள்ளியிலேயே நன்றாகக் கணக்கு நடத்தும் ஆசிரியரை அனுப்புங்கள், இடைவேளையில் ஆள் கிடைக்காமல் பிடித்துவந்தவரை அல்ல. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: 'பேசிக்' என்று படிவத்தில் எழுதுவதற்கு முன், பிள்ளையின் ஐந்தாம் வகுப்புப் பின்னப் பாடத்தை ஒரு தடவை எடுத்து வைத்துப் பாருங்கள்.