பைக் வாங்கும் முன் எக்ஸெல்லைத் திறங்கள்

திருவொற்றியூரில் பைக் பற்றிப் பேச்செடுத்தால் அது புல்லட்டில்தான் போய் நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. 1955ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. அதன் பிறகு 350 சிசி புல்லட் நம் ஊரிலேயே உருவாகத் தொடங்கியது. சற்று வடக்கே எண்ணூரில், 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர் போனது. இது வண்டி செய்யும் ஊர். ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் நாம் கெட்டிக்காரர்களா? இல்லை என்பதே என் கருத்து.

கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் என்ன கேட்டோம்? "எதற்கு?" என்றுதான் முதலில் கேட்டோம். லெட்டர் டைப் செய்யவும், பையன் பாடம் படிக்கவும் போதும் என்றால், கேம்ஸ் ஆடுபவர் வாங்கும் கிராபிக்ஸ் கார்டு நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இதே கேள்வியை பைக் ஷோரூமில் யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்பது "எத்தனை சிசி?", "மாதம் எவ்வளவு கட்டணும்?" என்ற இரண்டு கேள்விகள்தான். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருக்கிறது. ஷோரூமுக்குப் போகும் முன் அரை மணி நேரம் அதன் முன் உட்காருங்கள்.

முதல் கணக்கு: ஓட்டம்

முதல் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று எழுதுங்கள். உதாரணமாக, வேலைக்குப் போய் வர 24 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 600 கிலோமீட்டர். கணக்குக்காக பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு மாதம் 1,000 ரூபாய். 30 தரும் வண்டிக்கு 2,000 ரூபாய். ஐந்து வருடத்தில் வித்தியாசம் 60,000 ரூபாய்! விலைப் பட்டியலில் இந்தத் தொகை எங்கும் இருக்காது.

இரண்டாவது கணக்கு: கடன்

இதுதான் மிக முக்கியம். ஒரு லட்சம் ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, 36 மாதம். எக்ஸெல்லில் பிஎம்டி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதில் வட்டியை 12ஆல் வகுத்து, மாதங்களையும் கடன் தொகையையும் கொடுத்தால் மாதத் தவணை 3,321 ரூபாய் என்று வரும். (விடை மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம், கடன் தொகைக்கு முன் ஒரு மைனஸ் குறி போட்டால் சரியாகிவிடும்.) இது, நீங்கள் கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறை.

ஆனால் சில இடங்களில் "ஃபிளாட் ரேட் 12 சதவீதம்" என்பார்கள். அதாவது மூன்று வருடமும் முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி. வட்டி மட்டும் 36,000 ரூபாய்; தவணை 3,778 ரூபாய். சொல்வது இரண்டிடத்திலும் அதே 12தான். கூடுதலாகக் கட்டுவது 16,000 ரூபாய்க்கு மேல். உண்மையான வட்டி கிட்டத்தட்ட 21 சதவீதம். ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. எனவே ஷோரூமில் "ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா?" என்று வாய் திறந்து கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது கணக்கு: நம் ஊர்

இதற்கு எந்தச் சாஃப்ட்வேரும் கிடையாது. நீங்களே மார்க் போட வேண்டும். காசிமேட்டில் இருந்து மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிப் போகிறவருக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற மொபெட்டை மிஞ்சிய வண்டி இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் போகிறவருக்குத் தேவை வேகம் அல்ல, பிரேக். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்றது 2019ல் வந்த அந்த விதி. பட்ஜெட் இடம் கொடுத்தால் நான் ஏபிஎஸ்ஸுக்கே ஓட்டுப் போடுவேன்.

ராயபுரத்துச் சந்துகளில் வண்டியைத் திருப்பி வீட்டுக்குள் ஏற்ற வேண்டும். கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. அம்மாவோ தங்கையோ நகர்த்த வேண்டி வந்தால் இந்த 80 கிலோ பெரிய விஷயம். கடல் உப்புக்காற்றில் செயினும் சைலன்சரும் சீக்கிரம் துரு ஏறும். செயின் மூடியிருக்கும் வண்டிக்கு ஒரு மார்க் கூடப் போடுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளமே வீடுகளுக்குள் வந்தது. 2018 செப்டம்பரில் இருந்து புது பைக்குக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது உங்கள் வண்டி மோதி அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான். வெள்ளத்தில் உங்கள் வண்டி மூழ்கினால் அதில் ஒரு ரூபாய் கிடைக்காது. சொந்த வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசியும் வேண்டும். அதன் காலம் எப்போது முடிகிறது என்று தனியாகப் பாருங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ பதிவு எண்ணைக் கொடுத்து, ஆர்சி விவரங்களைச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாங்காமலும் இருக்கலாம்

உங்கள் ஒர்க் ஷீட்டில் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: "பைக் இல்லை". 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. வேலை சென்ட்ரல் பக்கமோ அண்ணாசாலையிலோ என்றால், மாத டிக்கெட் செலவையும் அந்த வரியில் போட்டுப் பாருங்கள். சிலருக்கு இந்த வரியே ஜெயிக்கும்.

புல்லட் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் வரை போய்வர ஆசை, தவணை கட்டச் சம்பளமும் இருக்கிறது என்றால், நம் ஊரில் வளர்ந்த வண்டியைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அந்த ஆசைக்கு மாதம் எவ்வளவு என்பது ஷோரூமில் கையெழுத்துப் போடும் முன்பே உங்கள் ஸ்கிரீனில் தெரிந்திருக்க வேண்டும். ஹெல்மெட் விலையையும் சேர்க்க மறக்காதீர்கள். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து, இரண்டு!