ரேகைப் பாடம் வேண்டும்!

வட்டக்கோட்டை முதல் நீரோடி வரை நம் கடற்கரை 2017 ஒக்கிப் புயலை மறக்கவில்லை. நாட்கணக்கில் கடலில் ஊறிக் கரையொதுங்கிய சடலங்களை அறிய முகமும் உதவவில்லை, விரல் ரேகையும் உதவவில்லை. மரபணுதான் உதவியது. பிள்ளையின் மரபணுவில் பாதி தாய் தந்தது, பாதி தகப்பன் தந்தது. உறவினர் மரபணுவோடு ஒப்பிட்ட பிறகே பலருடைய உடல்கள் வீடு வந்தன.

விஞ்ஞானம் ஏழைக்கு உதவிய கதை இது. ஏழையை ஒடுக்கிய கதையும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் ஜனங்களை 1920-ல் வெள்ளையர் போலீஸ் சுட்டுக் கொன்றது.

எனவே நாம் கோருகிறோம்: மைப்பெட்டியும் பூதக்கண்ணாடியும் பள்ளிதோறும் வரட்டும். ரேகையையும் மரபணுவையும் மாணவர் செய்து பார்த்துக் கற்கட்டும். அவற்றின் சரித்திரத்தையும் சேர்த்தே கற்கட்டும். விஞ்ஞானம் யார் கையில் என்று கேட்கும் தலைமுறையை எந்தச் சர்க்காரும் ஏய்க்க முடியாது!