காத்து கம்மி, ரீடிங் கரெக்ட்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் அஜித்குமார் அணி மூன்றாம் இடம் பிடித்தபோது உங்க போனிலும் ஸ்டேட்டஸ் பறந்திருக்கும். சந்தோஷப்பட்டவர்களில் எத்தனை பேர் "எதில் மூணாவது?" என்று கேட்டார்கள்? மொத்தப் பந்தயத்தில் இல்லை, 992 என்ற வகுப்பில். போர்ஷே 911 கப் கார்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் வகுப்பு அது. இதைச் சொன்னதும் சில பேருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "ஓ, க்ளாஸ்ல தானா?" முதலில் அந்தத் "தானா"வுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அமெரிக்காவுக்குப் போய், நம்ம லேப் ரெக்கார்டு வரைக்கும் வரப்போகிறோம்.

ஜி.எஸ்.டி. ரோட்டை நினைச்சுப் பாருங்க. ஆம்னி பஸ், வாடகை கார், டி.வி.எஸ். 50 எல்லாம் ஒரே ரோட்டில்தான் போகுது. டி.வி.எஸ். 50 ஓட்டுகிறவர் ஆம்னி பஸ்ஸை முந்தப் பார்ப்பதில்லை. தன் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் ஜெயிச்சார். பல வகுப்புப் பந்தயமும் அப்படித்தான். ஒரே பாதையில், ஒரே நேரத்தில், நாலைந்து தனித்தனிப் பந்தயங்கள். வேகமான கார் மெதுவான காரைத் தாண்டிக்கொண்டே இருக்கணும். மெதுவான கார் தன் பந்தயத்தையும் விடாமல், பின்னால் கண்ணாடியில் வரும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டே ஓட்டணும். ராத்திரி மூணு மணிக்கும் இதே கதைதான்.

இந்த வகைப் பந்தயத்தில் பெரியது ஒன்று அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் டேடோனாவில் ஒவ்வொரு ஜனவரிக் கடைசியிலும் நடக்கும். இம்சா என்ற அமைப்பு நடத்தும் ஸ்போர்ட்ஸ் கார் சீசனே இதில்தான் தொடங்குகிறது. 1966 முதல் 24 மணி நேரப் பந்தயமாக ஓடுகிறது. பாதை ஒரு சுற்றுக்கு சுமார் 5.7 கிலோமீட்டர். அதில் பெரிய வளைவுகள் 31 டிகிரி சாய்வு. உங்க டிராயிங் கிட்டில் இருக்கும் 30 டிகிரி செட்ஸ்கொயரை மேஜையில் நிறுத்திப் பாருங்க. அதைவிட ஒரு டிகிரி செங்குத்தான சுவரில் 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போகிறார்கள்.

நான் சொல்ல வந்தது 2023 பந்தயம். ஐந்து வகுப்பு, 61 கார். மேல் வகுப்பான ஜி.டி.பி. அந்த வருஷம்தான் அறிமுகம், புது ஹைபிரிட் கார்கள். இந்த வகுப்பில் முதல் இடத்தில் இருந்து கிளம்பிய கார் தகுதிச் சுற்றில் எடுத்த நேரம் 1 நிமிஷம் 34 வினாடி. கீழே இருக்கும் ஜி.டி. கார்களுக்கு அதைவிட 12, 13 வினாடி கூட ஆகும். கணக்குப் போட்டால், எட்டு ஒன்பது சுற்றுக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஜி.டி.பி. காரும் ஒவ்வொரு ஜி.டி. காரையும் முழுசா ஒரு சுற்று தாண்டுது. அந்த ஜி.டி. காரை ஓட்டுகிறவர் எல்லா நேரமும் தொழில்முறை வீரராக இருக்க மாட்டார். ஜி.டி.டி., எல்.எம்.பி.2 வகுப்புகளில் வாரநாளில் சொந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு வந்து ஸ்டியரிங் பிடிக்கிறவர்களும் உண்டு. இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

"க்ளாஸ்ல தானா" என்பவர்களுக்கு அதே பந்தயத்திலேயே பதில் இருக்கு. எல்.எம்.பி.2 வகுப்பில் 24 மணி நேரம் ஓடி முடித்த பிறகு முதல் காருக்கும் இரண்டாவது காருக்கும் வித்தியாசம் 0.016 வினாடி. கடைசிக் கோட்டில் ஜேம்ஸ் ஆலன் தன் காரை முன்னால் கொண்டுபோனார். மொத்தப் பட்டியலில் அந்தக் கார் முதலாவது இல்லை. யாராவது அவரிடம் போய் "தானா" என்று கேட்டுப் பாருங்களேன்.

மொத்தத்தில் முதலில் வந்தது மேயர் ஷேங்க் ரேசிங் அணியின் 60ஆம் எண் அக்யூரா. டாம் ப்ளோம்க்விஸ்ட், காலின் ப்ரான், ஹீலியோ காஸ்ட்ரோநேவெஸ், சைமன் பஷினோ ஓட்டினார்கள். முந்தைய வருஷமும் இதே அணிதான் டேடோனாவில் ஜெயித்தது. இரண்டாவது இடமும் இன்னொரு அக்யூராவுக்கே. புது வகுப்பின் முதல் பந்தயத்தில் ஒரே கம்பெனிக்கு ஒன்று, இரண்டு என்றால் சும்மாவா.

மார்ச் மாதம் உண்மை வெளியே வந்தது. டயர் பிரஷர் டேட்டாவை அணி திருத்தியிருக்கிறது.

டயரில் காத்து கம்மியானால் என்ன ஆகும் என்று பஞ்சர் கடை அண்ணனைக் கேட்டாலே சொல்வார். டயர் தரையில் படியும் பரப்பு கூடும். வயலில் இறங்கும்போது டிராக்டர் டயரில் காத்தைக் குறைப்பதும் அதுக்குத்தான். ரேஸ் காரில் அது பிடிப்பைக் கொடுக்கும், டயர் சீக்கிரம் சூடேறவும் உதவும். ஆனால் காத்து குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக மடங்கி நிமிரும், உள்ளுக்குள் சூடு ஏறும். இதில் 31 டிகிரி சரிவு வேற காரை ரோட்டோடு அழுத்துது, டயர் மேல் வருவது காரின் எடை மட்டும் இல்லை. அந்த நிலையில் டயர் கிழிந்தால் ஓட்டுகிறவர் செய்ய ஒண்ணும் இருக்காது. அதனால்தான் டயர் கொடுக்கும் மிஷலின் ஒரு குறைந்தபட்ச பிரஷரை நிர்ணயிக்கிறது. சக்கரத்துக்குள் இருக்கும் சென்சார் அனுப்பும் ரீடிங் மூலம் இம்சா அதைக் கண்காணிக்கிறது.

அணி செய்தது சின்ன வேலை. மென்பொருளில் ஓர் ஆஃப்செட். உண்மையான பிரஷரோடு ஓர் எண்ணைக் கூட்டிக் காட்டு என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான். சென்சார் பொய் சொல்லவில்லை. சென்சாருக்கும் திரைக்கும் நடுவில் ஒரு கூட்டல். டயரில் காத்து கம்மி, திரையில் ரீடிங் கரெக்ட்.

ஆஃப்செட் என்றாலே திருட்டு என்று நினைக்க வேண்டாம். முதல் வருஷம் வெர்னியர் காலிப்பரில் ஜீரோ எரர் பார்த்து, ஜீரோ கரெக்‌ஷன் போட்டது ஞாபகம் இருக்கா? அதுவும் ஆஃப்செட்தான். கருவி தப்பாகக் காட்டுவதை நிஜத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரத்தான் அந்த வசதி. அதே வசதியை வெச்சு நிஜத்திலிருந்து தள்ளியும் கொண்டுபோகலாம். கூட்டல் கணக்கு ஒண்ணுதான். பார்த்தாலே தெரியும் தப்பு இதில் இல்லை என்பதுதான் பயமே.

அதுவும் எந்த வகுப்பில் என்று பாருங்க. ஜி.டி.பி. கார்களில் எஞ்சின் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற வேற. சமமாக ஓட வைப்பது எப்படி? டிரைவ் ஷாஃப்டில் டார்க் சென்சார் பொருத்தி, சக்கரத்துக்குப் போகும் பவரை அளந்து, அனுமதித்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதாவது அந்த வகுப்பே சென்சார் ரீடிங் மேல் கட்டிய வீடு. ஒரு சென்சாரில் கை வைத்தால் அஸ்திவாரத்தையே நோண்டுகிறோம் என்று அர்த்தம்.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? போட்டி அணி இல்லை. அக்யூராவுக்கு எஞ்சின் செய்து தரும் ஹோண்டாவின் சொந்த ரேஸ் பிரிவான எச்.பி.டி. தங்கள் காரின் டேட்டாவைத் தாங்களே அலசி, கணக்கு இடிப்பதைப் பார்த்து, இம்சாவிடம் அவர்களே போய்ச் சொன்னார்கள். "ரெண்டாவதும் அவங்க கார்தானே, அவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புது காரின் முதல் வெற்றி, விளம்பரம், உலகம் முழுக்கப் போன படங்கள் எல்லாத்து மேலயும் தாங்களே கறை பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதை வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகம். அந்த 24 மணி நேரத்தில் நடந்த எதையும்விட, பந்தயம் முடிந்து வெறும் கிராஃப் முன்னால் உட்கார்ந்து யாரோ செய்த இந்த வேலைதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. இன்ஜினியரிங் என்று நான் நினைப்பது இதைத்தான்.

இப்போ தீர்ப்புக்கு வருவோம். 200 புள்ளி கழிவு, 50,000 டாலர் அபராதம், பரிசுப் பணம் பறிப்பு, சம்பந்தப்பட்ட பொறியாளருக்குக் காலவரையற்ற தடை. கடுமையாகத்தான் தெரியும். ஆனால் வெற்றி? அது அப்படியே இருக்கு. இன்னைக்கும் 2023 டேடோனா வெற்றியாளர் பட்டியலில் 60ஆம் எண் கார்தான். ஜெயிச்சதுக்குக் கிடைப்பது 350 புள்ளி. அதில் 200 போனாலும் மீதி கையில் நிற்குது.

இந்தத் தீர்ப்பு தப்பு என்பது என் கருத்து. அமெரிக்கப் பந்தய உலகில் ஒரு பழைய வழக்கம் உண்டு: டிக்கெட் வாங்கி வந்த ரசிகர் வீட்டுக்குப் போகும்போது யார் ஜெயிச்சாங்க என்று தெரிஞ்சுகிட்டுப் போகணும், அதை அப்புறம் மாத்தக் கூடாது. ரசிகராக எனக்கும் அது புரியுது. ஆனால் இம்சாவின் தாய் நிறுவனமான நாஸ்காரே 2019இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. 2022இல் போகோனோ பந்தயத்தில் முதலில் வந்த டென்னி ஹாம்லினையும் இரண்டாவது வந்த கைல் புஷ்ஷையும், பந்தயத்துக்குப் பிந்தைய சோதனையில் காரின் முன்பக்கத்தில் இருந்த டேப்புக்காகத் தகுதி நீக்கம் செய்து, வெற்றியைச் சேஸ் எலியட்டுக்குக் கொடுத்தார்கள். காத்தை வெட்டும் விதத்தைக் கொஞ்சம் மாற்றும் டேப்புக்கு அந்தத் தண்டனை. டயர் பாதுகாப்பு விதியை ஏமாற்றியதுக்கு இது. தராசு எங்கேயோ இடிக்குதே.

மார்ச்சுக்குள் கோப்பை கொடுத்தாச்சு, கொண்டாடியாச்சு, லேட் ஆயிடுச்சு என்பார்கள். லேட் ஆனது யாரால்? மறைத்தவரால். மறைக்கிற வேலை எவ்வளவு நல்லா நடந்ததோ அவ்வளவு பாதுகாப்பு என்று ஆகிவிடுகிறது.

"ஒண்ணும் ஆகலையே" என்பது இன்னொரு வாதம். ஞாபகத்தில் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த ஜி.டி.டி. ஓட்டுநர், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். 60ஆம் எண் காரில் ஏறியவர்கள் தங்கள் அணி எடுத்த ரிஸ்க்கோடு ஓடினார்கள் என்றாவது சொல்லலாம். எட்டு சுற்றுக்கு ஒரு தடவை அவர்கள் தாண்டிப்போன ஜி.டி.டி. காரில் இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. மேல் வகுப்புக் காரின் டயர் வெடித்தால், அது தன் வகுப்புக் காரை மட்டும் பார்த்து மோதாது. பல வகுப்புப் பந்தயம் நடக்கக் காரணமே, பக்கத்தில் போகும் காரும் சொன்ன அளவில்தான் இருக்கு என்ற நம்பிக்கை. புள்ளிக் கழிவு அந்த அணியைத் தண்டித்தது, சரி. வெற்றியை விட்டு வைத்தது மத்த 60 கார்களுக்கும் என்ன சொன்னது?

சரி, லேபுக்கு வருவோம்.

ஸ்டீல் ராடுக்கு யங்ஸ் மாடுலஸ் எவ்வளவு வரணும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் விடையை முதலில் எழுதிவிட்டு, ரீடிங்கைப் பின்னாலிருந்து தயாரிக்கும் கலை நம்மிடம் செழிப்பாக இருக்கு. எஞ்சின் லோட் டெஸ்ட்டில் 10 சிசி டீசல் தீர எத்தனை வினாடி என்பது ஸ்டாப்வாட்ச்சிலிருந்து வருவதைவிட சீனியர் ரெக்கார்டிலிருந்து வருவது அதிகம். கிராஃபைப் பார்த்தால் தெரியும், எந்த எஞ்சினும் அவ்வளவு ஒழுங்காக ஓடினதே இல்லை. இதைச் செய்பவர்களைத் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். ரோப் பிரேக் தேய்ந்து கிடக்கிறது, மூணு மணி நேரத்தில் முப்பது பேர் ரீடிங் எடுக்கணும், "சரியா" வரலைன்னா ரிப்பீட். நேர்மையாகக் கோணலான ரீடிங் எழுதுகிறவனுக்கு ஏழு மார்க், அழகாகச் சமைத்தவனுக்குப் பத்து மார்க் என்றால் யார் எதைச் செய்வார்கள்? இம்சாவும் நாமும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். முடிவை அப்படியே விட்டுவிட்டு, பிடிபட்டால் மட்டும் கொஞ்சம் புள்ளி குறைக்கிறோம்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது சீக்கிரம் புரியும். அங்கே காரை 60 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள். பிரேக் போட்டால் நாலு சக்கரமும் லாக் ஆகணும். அந்த மேடைகிட்ட சீனியர் ரெக்கார்டைக் காட்ட முடியாது. ஆனால் எல்லாச் சோதனையும் அப்படிக் கண்ணுக்கு எதிரே நடப்பதில்லை. வேலைக்குப் போனபின் நாம் கையெழுத்துப் போடும் ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் யாரும் திரும்ப அளந்து பார்க்கப்போவதில்லை. பாலத்துக்குக் கான்கிரீட் க்யூப் டெஸ்ட், லிஃப்டுக்கு லோட் டெஸ்ட். அந்தப் பாலத்தில் போகிறவரும் கீழ் வகுப்புக் காரில் இருக்கும் ஓட்டுநர் மாதிரிதான், அவரை யாரும் கேட்பதில்லை.

அதனால் வகுப்புப் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு லேபிலும் ஒரே ஓர் எக்ஸ்பெரிமென்ட்டுக்காவது முடிவுக்கு மார்க் வேண்டாம். வந்த ரீடிங் வந்தபடி, அது புத்தக மதிப்பிலிருந்து ஏன் தள்ளி இருக்கு என்ற விளக்கத்துக்கு மட்டும் மார்க். எக்ஸ்டர்னலுக்கும் அதைச் சொல்லி வைக்கணும். மெட்ராலஜி லேபில் ஆரம்பிச்சா சுலபம். அங்கே ஜீரோ எரருக்கென்று ஏற்கெனவே ஒரு காலம் இருக்கு. எடுத்துப் பாருங்க, பாதி நோட்டில் அதில் "நில்" என்று எழுதியிருக்கும்.