பாட்டுக்குக் கைதட்டல், பாடுகிறவருக்குக் கல்தாவா?

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. ஓரி அள்ளிக் கொடுத்ததில் வயிறு நிறைந்த பாணர்கள் ஆட்டத்தையும் பாட்டையுமே மறந்துவிட்டார்களாம்! மன்னனைப் புகழ்ந்த பாட்டுதான். ஆனாலும் பாட்டைக் கேட்டவன் பாடியவனின் வயிற்றையும் பார்த்தான் என்பது அதில் தெரிகிறது.

இன்றைய கனவான்கள் பார்ப்பது எதை? பைல் நாட்டு மலையிலிருந்து இறங்கி வடசென்னைக்கு வாருங்கள், தோழர்களே!

வியாசர்பாடி, புளியந்தோப்பு, இராயபுரம்: மில் தொழிலாளியும், மூட்டை தூக்குபவரும், மீனவரும் வாழ்ந்த பேட்டைகள். கானா பிறந்தது இங்கேதான். தெருவில் ஒருவர் இறந்தால் இரவு முழுதும் பாட்டு. செத்தவர் எப்படி உழைத்தார், எதற்கு ஏங்கினார் என்று பாடுவார்கள். கேட்பவர் அதே தெருக்காரர். பொய் பாடினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

அந்தப் பாட்டை 1990-களில் தேவா சினிமாவுக்குக் கொண்டுபோனார். நாடே ஆடியது. 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறி, இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட்டாக்கியது. ஆண் குரலே கோலோச்சிய கானாவை அதில் ஒரு பெண் பாடினார். இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி அவர். 2020-ல் பி.பி.சி. தன் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. மெத்தச் சரி!

ஆனால் அந்தப் பேட்டைகள் என்ன ஆயின? 1876-ல் தொடங்கிய பக்கிங்ஹாம் மில்லும் அதன் கூட்டாளி கர்நாடிக் மில்லும் எத்தனை தலைமுறைக்குச் சோறு போட்டன! 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததும் அந்த மில் வாசலில்தான். 1996-ல் மில் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று உயர்ந்து நிற்பவை அடுக்குமாடிகள். அங்கே நூல் நூற்றவர் பிள்ளைக்கு அதில் ஒரு வீடு வாங்க வக்குண்டா?

நகரெங்கும் குடிசைவாசிகளை வண்டியில் ஏற்றினார்கள். 2000-லிருந்து கண்ணகி நகர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். வடசென்னையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால்!

"ஆற்றங்கரையில் வெள்ளத்தில் சாவதைவிட சிமெண்டு வீடு மேலல்லவா?" என்கிறார்கள். குடிசைதான் அழகு என்று நாம் சொல்லவில்லை. ஒழுகும் கூரையில்தான் கலை பிறக்கும் என்று பேசுபவர் ஒழுகாத வீட்டில் இருப்பவர். வீடு வேண்டும், நல்ல வீடு வேண்டும். அதை வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் உறவிலிருந்தும் பிய்த்துக் கொடுப்பானேன்? வீட்டுவேலைக்குப் போகும் தாய் பாதிக் கூலியைப் பஸ்ஸுக்குக் கொடுத்தால், அந்த வீட்டில் அடுப்பெரிவது எப்படி? மேளக்காரர் ஒரு மூலையில், பாடுபவர் ஒரு மூலையில், கேட்பவர் வேறெங்கோ என்றால் அங்கே எந்தப் பாட்டு எழும்?

இருந்த இடத்திலேயே கட்டித்தர முடியாதா? குடிசை மாற்று வாரியம் 1970-ல் தோன்றியது. அந்நாளில் பல இடங்களில் குடிசை நின்ற மண்ணிலேயே மாடி வீடு கட்டினார்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை? மண்ணின் விலை ஏறிவிட்டது, அதுதான் காரணம்! வெள்ளம் ஏழையின் குடிசைக்கு மட்டும்தான் வருமா? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் பெரிய கம்பெனிகள் கட்டிடம் எழுப்பியபோது யார் தடுத்தார்?

வயலில் பாடுபடும் தோழர்களே, இது பட்டணத்துச் சங்கதி என்று இருந்துவிடாதீர்கள். நடவு யந்திரம் வந்த வயலில் நடவுப் பாட்டு கேட்பதில்லை. யந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. போன கூலிக்கு மாற்று எங்கே என்று கேட்கிறோம். கொல்லிமலையில் சாமையும் தினையும் சுருங்கி, சவ்வரிசி ஆலைக்கான மரவள்ளி பரந்தது. பயிரை மாற்றுவதும் தெருவைப் பெயர்ப்பதும் அங்கே வாழ்பவரைக் கேட்டா நடக்கிறது?

அடுத்த முறை மேடையில் கானா கேட்டுக் கைதட்டும் கனவானிடம் ஒன்று கேளுங்கள்: "இந்தப் பாட்டு பிறந்த தெரு இன்னும் இருக்கிறதா, ஐயா?" பதில் சொல்லட்டும். பிறகு தட்டட்டும் கையை!